பேய்க்கணவாய் வளர்த்த அக்கா

பேசும்போது அவர் நம்மைப் பார்க்க மாட்டார். பேசி முடித்த பிறகுதான் பார்ப்பார். பார்க்க ஆரம்பித்தால் கண்ணை எடுக்க மாட்டார். உதடு, கழுத்து நரம்பு, விரல் நகம், கணுக்கால் என்று ஒவ்வோர் இடமாக நின்று நின்று போகும் அந்தப் பார்வை.

கொக்கிரகுளத்தில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு வீட்டின் மாடியில் நானும் அப்பாவும் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டுக்கு அவர் தனியாகக் குடிவந்தார். வந்த வாரமே படிக்கட்டில் எதிர்ப்பட்டவர் என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கொலுசைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“டீச்சர், ஊறுகா நெறைய சாப்பிடுவியளோ? கால் வீங்கியிருக்கு” என்றார்.

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் பள்ளியில் கணக்கு டீச்சர் என்பதை வீட்டு ஓனர் சொல்லியிருப்பார் போல. அவர் டயாலிசிஸ் டெக்னீஷியன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் தம்பி, வாரம் இருமுறை அவரிடம்தான் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் அந்த அம்மா இல்லாத நாளில் இன்னும் பயமாக இருக்கும் என்று அவர் சொன்னாராம். மிஷின் கத்துவதற்கு முன்பே இரண்டு முறை ஆளைப் பார்த்து ரத்த அழுத்தம் இறங்குவதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

மற்ற வீடுகளில் டிவி இருக்கும் இடத்தில் அவர் வீட்டில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி இருந்தது. சென்னையில் இருந்த வீட்டு ஓனரிடம் மீன் தொட்டி என்று சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒருநாள் கரண்டு பில்லைக் கொடுக்கப் போனபோது, மீன் ஒன்றையும் காணோமே என்று கேட்டேன். தொட்டிக்குள் இருந்த ஒரு கல்லைக் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். கல் கண்ணைத் திறந்தது.

அவருக்குச் சொந்த ஊர் உவரி. அவர் தம்பியின் வலையில், ஒரு பெரிய சங்குக்குள் ஒடுங்கிக்கொண்டு வந்ததாம் அந்தப் பேய்க்கணவாய். ஆக்டோபஸ் என்றால்தான் நமக்கு விளங்கும். கடற்கரையில் அதற்குப் பேர் அதுதான். அப்போது எலுமிச்சம்பழ அளவு. கறிக்குக்கூட ஆகாது என்று தம்பி தூக்கி எறியப் போயிருக்கிறார். எதற்காக வாங்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன்.

“அது என்னப் பாத்துச்சு, டீச்சர். அம்புட்டுதான்.”

புதன்கிழமைதோறும் உவரியிலிருந்து வரும் மீன் வண்டியில் அவருக்கு மட்டும் நான்கு கேன் கடல்தண்ணீரும், ஈரச் சாக்கில் கட்டிய உயிர்நண்டுகளும் வந்து இறங்கும். வேலை விட்டு வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்காருவார். அது கல் இடுக்கிலிருந்து ஒவ்வொரு கையாக வெளியே எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அவரைப் பார்க்கும். இருவரும் அசைய மாட்டார்கள். எனக்கு அதைப் பார்த்தால் முதுகு சில்லிடும். அப்பாவுக்கோ அதுதான் பொழுதுபோக்கு ஆயிற்று. முப்பது வருஷம் அரிசி ஆலையில் தவிட்டுத் தூசிக்குள் நின்றவர் அப்பா. நெஞ்சில் பாதி போய்விட்டது. இருந்தாலும் சாயங்காலமானால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பைய இறங்கி, இன்னொரு நாற்காலியில் அவரும் போய் உட்கார்ந்துகொள்வார். மூன்று ஜீவன்களும் ஒரு வார்த்தை இல்லாமல் அரைமணி நேரம் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது தொட்டி காலியாக இருந்தது. மூடி மூடியபடியே இருந்தது. அப்பா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்னை வாசற்படியைத் தாண்ட வேண்டாம் என்று அந்த அம்மா கையைக் காட்டினார். பதறவில்லை, கட்டிலுக்கு அடியில் குனியவில்லை, எதையும் புரட்டவில்லை. அறைக்கு நடுவில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் ஈரம் காய்ந்து உப்புப் பூத்த கோடு ஒன்று சுவரோரமாகப் போயிற்று. அந்தக் கோட்டைக் கண்ணாலேயே தொடர்ந்து குளியலறைக்குள் போனார். மூலையில் சாய்த்து வைத்திருந்த ஈரத் துடைப்பானின் நூல்களைப் பிரித்தார். நூலோடு நூலாக, அழுக்கு வெள்ளை நிறத்தில், அது அங்கே இருந்தது. வெறும் கையை நீட்டினார். அது ஒவ்வொரு கையாக அவர் மணிக்கட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டது.

அதைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு, எப்படி வெளியே வந்தது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். காற்றுக்குழாய் போகும் ஓட்டை, இரண்டு விரல் அகலம்.

“இதுக்கு எலும்பே கெடையாது. வாயில இருக்க அலகு மட்டுந்தான் கெட்டி. அது நுழைஞ்சா மிச்சம் எல்லாம் நுழைஞ்சிரும்” என்றார். ஓட்டையை அடைத்துவிட்டுத் திரும்பி அப்பாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். காலைத் தூக்கி வைத்திருந்ததிலேயே அப்பாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் மாடிக்கு ஏறி வந்தார். அப்பா சாப்பிட்டுப் படுத்திருந்தார். என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

“ஐயாவுக்கு நகம் நீலமா இருக்கு. ரெண்டு வாரமா பாக்குதேன். இன்னைக்கு உதடும் அப்படித்தான் இருக்கு.”

எனக்குத் தெரியாத சங்கதி இல்லை அது. பதினெட்டுப் படி ஏறுவதற்குள் அப்பா மூன்று இடத்தில் நிற்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பரீட்சைப் பேப்பர் கட்டு முடியட்டும், லீவு விடட்டும் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். வயசானால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மூடி வைத்ததை இன்னொருவர் திறந்து காட்டியதும் கோபம்தான் வந்தது.

“எங்க வீட்டப் பாத்துக்கிட எனக்குத் தெரியும். நீங்க உங்க தொட்டியப் பாருங்க” என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலையில் படிக்கட்டின் அடியில் நின்றார், கையில் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவியோடு. என்னைப் பார்க்கவில்லை. அப்பா தானாகவே இறங்கிப் போய் விரலை நீட்டினார். எண்பத்து நான்கு என்று காட்டியது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பத்து நாள் கழித்து வீட்டுக்கு வரும்போது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷினும் கூட வந்தது. ராத்திரியும் பகலும் அது ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. மூன்று மாதம் அவரோடு சரியாகப் பேசவும் இல்லை. படிக்கட்டில் பார்த்தால் பையில் எதையோ தேடுவதுபோலக் கடந்து போவேன். அந்தப் பார்வை இன்னும் என்னென்ன கண்டுபிடிக்குமோ என்று இருந்தது.

மார்கழி பிறந்த கையோடு அந்த மழை வந்தது. இரண்டு நாள் நிற்காமல் பெய்தது. முதல் நாள் சாயங்காலமே கரண்டு போய்விட்டது. எங்கள் இன்வெர்ட்டரில் அப்பாவின் மிஷினை ஓட்டினோம். இடையிடையே நிறுத்தி நிறுத்தி ஓட்டியும் விடிவதற்குள் அது தீர்ந்துபோயிற்று. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் நிரப்பக் கொடுத்த கடையிலேயே இருந்தது. அணை திறந்துவிட்டார்கள் என்று தெருவில் யாரோ கத்திக்கொண்டு போனார்கள். ஜன்னலில் பார்த்தேன். தெருமுனையில் காவி நிறத் தண்ணீர் திரும்பிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை.

நான் கீழே ஓடினேன். எதைக் கேட்பதற்காக ஓடினேன் என்று எனக்கே தெரியாது. அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்வெர்ட்டர் பெட்டியின் வயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். தொட்டிக்காக அவர் இரண்டு பெரிய பேட்டரி வைத்திருந்தார்.

“அந்தப் பக்கம் பிடிங்க, டீச்சர்” என்றார்.

ஒவ்வொரு பேட்டரியும் ஒரு அரிசி மூட்டை கனம். முதல் பேட்டரியை ஏற்றியபோது தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. இரண்டாவதைத் தூக்கியபோது முழங்காலுக்கு வந்துவிட்டது. பாதிப் படியில் எனக்குக் கை நழுவியது; தன் தொடையை அண்டை கொடுத்துத் தாங்கிக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். தொட்டி மேசை மேல்தான் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் மேசைக்காலில் ஏறிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர் உள்ளே புகுந்தால் கடல் ஜீவன் பிழைக்காது. அதை முதலில் எடுத்திருக்கலாம், அவர் எடுக்கவில்லை. இன்வெர்ட்டரையும் ஏற்றி, வயர் மாட்டி, அப்பாவின் மிஷின் உறுமத் தொடங்கிய பிறகுதான் மறுபடியும் இறங்கினார். நானும் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில், பரணில் இருந்த மூன்று கேன் கடல்தண்ணீரை நான் எடுத்து ஏற்றினேன். அவர் பேய்க்கணவாயை ஒரு நீல டிரம்மில் விட்டுத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்.

எங்கள் கூடத்தில் ஒரு பக்கம் அப்பாவின் கட்டில், ஒரு பக்கம் நீல டிரம், நடுவில் பேட்டரிகள். அவர் மிஷினுக்குப் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார். ஏழு மணி நேரம் ஓடும் என்றார். மணி அப்போது ஒன்பது.

தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் அவர் மடியில் இருந்தது. கை அகலம்கூட இராது. அதை மாட்டுங்கள் என்று நான் சொன்னேன்.

“இது அஞ்சு வாட். ஐயா மிஷின் முந்நூறு” என்றார். “இது ஒரு மணி நேரம் ஓடுனா, ஐயாவுக்கு ஒரு நிமிஷம் கொறையும்.”

நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

கட்டிலிலிருந்து அப்பா, மூக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஏழு நிமிஷந்தானம்மா. நான் தாரேன். மாட்டு.”

அவர் அப்பாவைப் பார்க்காமல் சொன்னார்: “கடேசி ஏழு நிமிஷம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, ஐயா. நான் பாத்திருக்கேன்.”

மோட்டாரைத் தரையில் வைத்துவிட்டு, எங்கள் அடுக்களையிலிருந்து ஒரு செம்பை எடுத்து வந்தார். டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு, தோள் உயரத்துக்குத் தூக்கி, நூலாக மறுபடி டிரம்மிலேயே ஊற்றினார். அப்படி விழும்போது நுரைக்கும் நீரில் காற்றுக் கலக்கும். மொண்டார், தூக்கினார், ஊற்றினார். நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம், மாட்டுங்கள் என்று. சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை. ஒரு நிமிஷத்தைக்கூட அந்தப் பிராணிக்குக் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

பகல் முழுக்க அவர் டிரம்முக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்தார். கை ஊற்றிக்கொண்டிருக்கும், கண் அப்பாவின் நகத்தில் இருக்கும். மாடிப்படியில் தண்ணீர் ஏறுவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு, ஏழு, எட்டு. கீழ்வீட்டிலிருந்து ஏதோ பெரிதாக உடையும் சத்தம் கேட்டது. அவர் தலை திரும்பவில்லை.

ஏழு மணி நேரம் என்றாரே, ஆறரை மணி நேரத்திலேயே இன்வெர்ட்டர் கீச்சிட்டு நின்றுவிட்டது. அந்த உறுமல் அடங்கியதும் மழைச்சத்தம் மட்டும் கேட்டது. நான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் செம்பை வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி, அப்பாவை நிமிர்த்தித் தன் மேல் சாய்த்துக்கொண்டார்.

“மூக்கால இழுங்க. உதட்டக் குவிச்சு, சுடுகாப்பிய ஊதுத மாதிரி பைய ஊதுங்க. அவசரப்படாதிய. என் கூட ஊதுங்க.”

அவர் ஊத, அப்பா ஊதினார். விரலில் மாட்டிய கருவியில் எண்பத்தெட்டு, எண்பத்தாறு, எண்பத்து மூன்று. எனக்கு அந்த எண்ணைப் பார்க்க முடியவில்லை, பால்கனிக்குப் போனேன். ஒரு போர்வையை எடுத்து வீசி வீசிக் கத்தினேன். எவ்வளவு நேரம் கத்தினேனோ, தெருமுனையில் ஒரு ஃபைபர் படகு திரும்பியது. கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த படகு. மூன்று பேர் ஓட்டி வந்தார்கள். உள்ளே ஏற்கெனவே ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் ஒரு குழந்தையும் அதன் தாயும் இருந்தார்கள். நோயாளியோடு ஒரே ஓர் ஆள்தான் ஏறலாம் என்றார்கள்.

நான் செருப்பைத் தேடினேன். அவர் என் தோளைப் பிடித்தார்.

“நீங்க வந்தா அழுவிய. நான் போனா பாப்பேன்.”

சொன்ன பிறகு என்னைப் பார்த்தார். முதல்முறையாக நகத்தையோ காலையோ பார்க்காமல் என் கண்ணைப் பார்த்தார். நான் விலகி நின்றேன். அவர்கள் அப்பாவை நாற்காலியோடு இறக்கினார்கள். படகில் அவர் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்க முயன்றார். அவர் அப்பாவின் தலையை நேராகப் பிடித்து ஊதச் சொன்னார். படகு திரும்பி மறைந்தது. டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

கூடத்துக்கு வந்தேன். அப்பாவின் கட்டிலில் குழி இன்னும் இருந்தது. டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். அது வெளிறிப்போய், சாம்பல் பூசியதுபோல அடியில் கிடந்தது. தலைக்குப் பக்கத்தில் ஒரு துவாரம் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதுதான் மூச்சு என்று அப்பா ஒருமுறை எனக்குச் சொன்னார். கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு நாற்பத்தொன்று. நான் செம்பை எடுத்தேன்.

ஊற்றுவதை நிறுத்தினால் எண்ணிக்கை ஏறியது. தொடர்ந்து ஊற்றினால் இறங்கியது. அது தெரிந்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அப்பா இருக்கிறாரா இல்லையா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை, போன் இல்லை. அந்த எண் ஒன்றுதான் இருந்தது. டிரம்மில் இருந்ததில் பாதியை மொண்டு கொட்டிவிட்டு, மூன்றாவது கேனில் மிச்சமிருந்த கடல்தண்ணீரை விட்டேன். கை மரத்தது. கை மாற்றினேன். இரவெல்லாம் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு ஊற்றினேன். விடிந்த பிறகு, கண் சொக்கி நான் செம்பைத் தண்ணீருக்குள் அப்படியே விட்டிருந்தபோது, ஏதோ குளிர்ச்சியாக என் விரல்களைச் சுற்றியது. கையை உதறவில்லை. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன்.

மழை விட்டு, மத்தியானத்துக்குள் தண்ணீர் நான்கு படி இறங்கியது. படியில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. வாசலில் அவர் நின்றார். மார்பு வரைக்கும் சேறு. என் முகத்தைப் பார்த்ததும், நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

“ஐயா இருக்காவ. காலைல கஞ்சி குடிச்சாவ. தொண்ணூத்திரண்டு.”

நான் செம்போடு அப்படியே நின்றேன். அவர் டிரம்மைப் பார்த்தார். அருகில் வரவில்லை. வர அவருக்குப் பயமாக இருந்தது என்று எனக்கு விளங்கியது.

“மூச்சு இருபத்தெட்டு இருக்கு, அக்கா. விடியும்போது முப்பத்தி நாலு” என்றேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா இன்னும் ஒன்றேகால் வருஷம் இருந்தார். பேய்க்கணவாய், உடைந்த தொட்டிக்குப் பதிலாக வந்த புதுத் தொட்டியில் பங்குனி வரைக்கும் இருந்தது. கல் இடுக்கில் முட்டையிட்டு, இரையைத் தொடாமல் அதைக் காத்து, தன் ஆயுசு முடிந்து செத்தது. அதன் சாதிக்கு அவ்வளவுதான் ஆயுசாம். ஒரு மாதம் அவர் நாற்காலியை விட்டு நகரவில்லை. மறு வருஷம் குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார். அங்கிருந்து இரண்டு முறை பேசினார்; இரண்டு முறையும் என் கால்வீக்கத்தைத்தான் கேட்டார்.

அந்த மத்தியானத்தில், நான் எண்ணிக்கையைச் சொன்னதும் அவர் உள்ளே வந்து டிரம்முக்குள் குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு சேறும் ஈரமுமாகச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க உட்காராமல் நின்றிருந்தார் என்று அப்பா பின்னால் சொன்னார்.

“ஏட்டி, கொஞ்சம் நீ பாத்துக்கிடுதியா?” என்றார்.

அதுவரைக்கும் நான் அவருக்கு டீச்சர்தான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கண்ணை மூடினார். அப்படியே தூங்கிவிட்டார். தலை ஒரு பக்கம் சரிந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. சத்தம் கேட்டு எழுந்துவிடக் கூடாதே என்று, செம்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்த்திப் பைய ஊற்றினேன்.